வெளிநாட்டு ஊழியப் பயணத்தில் நன்றியறிதலும் ஆவிக்குரிய வளர்ச்சியும்: முழுமையான வழிகாட்டி

ஒன்று முதல் நான்கு வாரம் வரை குழுவாகப் போய் வரும் ஊழியப் பயணங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்டுக்கணக்கில் தங்கி ஊழியம் செய்கிறவர்களின் கேள்விகள் வேறு, அவை இங்கே இல்லை.

பயணம் முடிந்து சபையில் சாட்சி சொல்லும்போது புதியவர்களில் நிறையப் பேரின் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வருகிறது: "அங்கே அவர்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகுதான் தேவன் எனக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது." கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். ஆனால் லூக்கா 18-ல் பரிசேயன் ஆலயத்தில் நின்று சொன்ன ஸ்தோத்திரமும் இதே அச்சில் வார்த்ததுதான்: அதோ நிற்கிற ஆயக்காரனைப் போல நான் இல்லை, அதற்காக நன்றி. இப்படிப்பட்ட நன்றி உயிரோடிருக்க அடுத்தவனுடைய குறை தேவைப்படுகிறது. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அந்தக் குறை கண்முன் இல்லாமல் போகும்போது நன்றியும் போய்விடும்.

கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் பெற்றுக்கொள்வதிலிருந்து பிறக்கும் நன்றிக்கானவை. வரிசையை மாற்றாதீர்கள், முதல் மூன்று படிகளும் வீட்டிலிருக்கும்போதே முடிய வேண்டியவை. அவற்றை விட்டுவிட்டு விமானத்தில் உட்கார்ந்து நாட்குறிப்பைத் திறப்பவர்கள் நான்காம் நாளுக்கு மேல் எழுதுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

முன்பே கையில் இருக்க வேண்டியவை

சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு, பேனா. போனில் எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் போனைத் திறந்தால் செய்தி வந்திருக்கும், செய்தியைப் பார்த்தால் அன்றைய பத்து நிமிடம் போய்விடும்.

ஒரு இணை. இயேசு எழுபது பேரை அனுப்பியபோது இரண்டு இரண்டு பேராகவே அனுப்பினார். குழுவில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர்தான் இணையாக வர வேண்டும் என்பதில்லை, உங்களிடம் உண்மையைச் சொல்லத் தயங்காதவராக இருந்தால் போதும்.

சரியான விசா. பல நாடுகளில் சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வதும் மதப் பணி செய்வதும் சட்டவிரோதம். மாட்டிக்கொண்டால் நீங்கள் விமானம் ஏறி விடுவீர்கள், பதில் சொல்லப் போவது உங்களைக் கூப்பிட்ட உள்ளூர்ச் சபை. நம்மை வரவேற்பவர்களை ஆபத்தில் விட்டுவிட்டு இரவில் நன்றிப் பட்டியல் எழுதுவதில் அர்த்தமில்லை, அதனால்தான் இதை இங்கேயே சொல்கிறேன்.

தடுப்பூசியும் மருந்தும். போகும் நாடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டால், ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் அது செல்லுபடியாகும். மலேரியா மாத்திரையைப் பற்றி நான்காம் படியில் வேறொரு காரணத்துக்காகப் பேசுவோம்.

1. பெயர்ப் பட்டியல் எழுதுங்கள் (புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்)

நோட்டின் முதல் பக்கத்தில், இந்தப் பயணம் நடக்க யார் யார் காரணமோ அவர்களின் பெயர்களை எழுதுங்கள். பணம் கொடுத்தவர், ஜெபிக்கிறேன் என்றவர், நீங்கள் இல்லாத நாட்களில் பிள்ளைகளையோ வயதான பெற்றோரையோ பார்த்துக்கொள்ளப் போகிறவர், அலுவலகத்தில் உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்யப் போகிறவர், அந்த நாட்டில் உங்களுக்குத் தங்க இடம் தரப் போகிறவர்.

ஏன் பெயர்? "எல்லோருக்கும் நன்றி" என்று சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. ரோமர் 16-ம் அதிகாரத்தைப் பாருங்கள், பவுல் எத்தனை பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தார்கள் என்கிறார், ரூபுவின் தாய் தனக்கும் தாய் என்கிறார். யார், என்ன செய்தார்கள் என்று அவருக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பண உதவி கேட்டு எழுதும் கடிதத்தோடு உறவு நின்றுபோவது. கேட்டுக் கடிதம் வரும், பிறகு பயணப் படங்கள் வரும், நடுவில் நன்றி வராது. பணம் கிடைத்த அன்றே நான்கு வரி எழுதி அனுப்புங்கள். பிலிப்பியர் 4-ல் பவுல், எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பியது வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார். சொல்லப்போனால் அது ஒரு ரசீதும்கூட.

2. ஒரே ஒரு வேதபகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்

பயணத்துக்கென்று புதிய வேதவாசிப்புத் திட்டம் போடாதீர்கள். தூக்கம் குறைவு, நேரம் உங்கள் கையில் இல்லை, நாளுக்கு நான்கு அதிகாரம் என்ற திட்டம் மூன்றாம் நாளே பின்தங்கிவிடும், அப்புறம் வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

நான் சொல்வது பிலிப்பியர் நிருபம். நான்கே அதிகாரம், மொத்தம் 104 வசனம். சிறையிலிருந்தபடி, பண உதவி செய்த சபைக்கு எழுதிய கடிதம், ஆகவே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும். நாளுக்கு ஓர் அதிகாரம் என்று புறப்படும் முன்பே ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். அங்கே போய்ச் சேரும்போது பாதி மனப்பாடமாகியிருக்கும், வேதத்தைத் திறக்க முடியாத நாளிலும் நடந்துகொண்டே நினைத்துப் பார்க்கலாம்.

3. எதிர்பார்ப்பை எழுதி இணையிடம் கொடுங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்தப் பயணத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்? அங்குள்ளவர்களுக்கு என்னால் என்ன கொடுக்க முடியும் என்று நினைக்கிறேன்? இந்த வேலையைச் செய்யச் சொல்லி அவர்கள் கேட்டார்களா, நாமாகவே முடிவு செய்தோமா?

மூன்றாவது கேள்வி சங்கடமானது. பதில் "நாமாகவே" என்றால் இப்போதே குழுத்தலைவரிடம் பேசுங்கள். கேட்காத உதவியைச் செய்து அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிற மனநிலை இங்கேதான் முளைக்கிறது, அங்கே போனபின் அதைக் களைவது கடினம்.

எழுதியதை மடித்து இணையின் கையில் கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் திருப்பி வாங்குவோம்.

4. முதல் மூன்று நாள் பெற்றுக்கொள்ள மட்டும்

புதியவர்களுக்கு மிகக் கஷ்டமான படி இதுதான். இறங்கியதும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். முதல் மூன்று நாட்களில் உங்கள் வேலை, கொடுப்பதை வாங்கிக்கொள்வது: காட்டின இடத்தில் தங்குவது, பரிமாறினதைச் சாப்பிடுவது, சொல்லிக்கொடுத்தபடி வணக்கம் சொல்வது. அனுப்பும்போதே இயேசு சீஷர்களிடம் சொன்னதும் இதுதான், அந்த வீட்டிலேயே தங்கி அவர்கள் கொடுக்கிறதைப் புசியுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்று லூக்கா 10-ல் இருக்கிறது. (உங்களுக்கு ஒவ்வாத உணவு ஏதாவது இருந்தால் புறப்படும் முன்பே தெரியப்படுத்துங்கள், இலையைப் பார்த்தபிறகு சொல்வது மரியாதையில்லை.)

காரணம் இருக்கிறது. முதல் நாளே கொடுக்கிறவராக நீங்கள் நின்றுவிட்டால், பயணம் முடியும்வரை அவர்கள் வாங்குகிறவர்களாகவே இருக்க வேண்டியதாகிவிடும். அப்போஸ்தலர் 28-ல் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய பவுலை அந்தத் தீவார் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் அங்கே வியாதியஸ்தருக்காக ஜெபித்தது அதற்குப் பிறகுதான். ரோமாபுரிச் சபைக்கு எழுதும்போதும் உங்களுக்கு வரம் தர வருகிறேன் என்று ஆரம்பித்து, அடுத்த வசனத்திலேயே உங்கள் விசுவாசத்தினால் நானும் ஆறுதலடைய வருகிறேன் என்று சேர்த்துக்கொள்கிறார்.

இந்த நாட்களில் உங்கள் ஆவிக்குரிய நிலையை எடைபோடவே கூடாது. உடலின் கடிகாரம் புதிய நேரத்துக்குப் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் வீதம் பிடிக்கும். ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் நாட்டில் முதல் வாரம் முழுக்க நடு இரவில் விழிப்பதும் ஆராதனையில் கண் சொருகுவதும் சாதாரணம், அதற்கு "தேவன் தூரமாகிவிட்டார்" என்று பெயர் வைக்காதீர்கள்.

மலேரியா மாத்திரைக்கு வருவோம். மெஃப்ளோகுயின் என்ற மருந்து சிலருக்குப் பயங்கரக் கனவு, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் கொண்டுவரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. குழுவில் ஒருவருக்குக் கெட்ட கனவு வந்தால் உடனே சாத்தானின் தாக்குதல் என்று எல்லோரும் கூடி ஜெபிக்கிறோம். ஜெபியுங்கள், ஆனால் அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்து மருத்துவரிடமும் பேசுங்கள். மருந்தைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், அது மலேரியாவுக்குக் கதவைத் திறந்துவிடும்.

5. இரவு பத்து நிமிடம்: இந்த ஒழுங்கில் எழுதுங்கள்

பயணத்தின் மையமே இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் முறையிடுங்கள். இன்று எரிச்சலூட்டியது, பயமுறுத்தியது, புரியாமல் போனது, இதில் ஏதாவது இரண்டு வரி. சங்கீதம் 13-ல் ஆறே வசனம்தான், அதில் நான்கு வசனம் "எதுவரைக்கும்" என்று புலம்பியும் கெஞ்சியும் போன பிறகுதான் துதி வருகிறது. முறையீட்டை அடக்கிக்கொண்டு எழுதுகிற நன்றி மூன்று நாளில் பாசாங்காகிவிடும், அடக்கினது எங்கேயாவது போய் வெடிக்கும், பெரும்பாலும் குழுவில் அமைதியான ஆள் மேல்.

அடுத்து மூன்று நன்றிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஒரு செயல், ஒரு நேரம் இருக்க வேண்டும். "நல்ல ஐக்கியத்துக்காக ஸ்தோத்திரம்" என்பது கணக்கில் சேராது. "மத்தியானம் நான் வழி தவறி நின்றபோது, தன் கடையை அப்படியே விட்டுவிட்டு என்னோடு தெருமுனை வரை நடந்து வந்த பெரியவர்" என்று எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது அந்த ஊர்க்காரரிடமிருந்து நீங்கள் பெற்றுக்கொண்டதாக இருக்கட்டும்.

பிறகு எழுதியதைப் படித்து, ஒப்பிட்டு எழுதிய வரியை அடியுங்கள். "அவர்களுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது" என்ற சாடை தெரிந்தால் அந்த வரி போகட்டும். இதற்கு ஒரு இனிப்புப் பூசிய தம்பி உண்டு: "ஒன்றுமே இல்லாமல் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" விருந்தாளி வந்த வீட்டில் முகம் மலர்ந்திருப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம், கதவு சாத்திய பிறகு அந்த வீட்டில் என்ன கவலை பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் சந்தோஷத்தைப் பற்றி எழுதத் தோன்றினால், எதைப் பற்றிச் சந்தோஷப்பட்டார்கள், யார் சொன்னார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் நாளைக்குப் போய்க் கேளுங்கள்.

ஒரு உதாரணம். முதல் வரைவு: "இவர்களுக்குச் சரியான ஆலயக் கட்டடம்கூட இல்லை, நாம் எவ்வளவு பாக்கியவான்கள்." அடித்துவிட்டு எழுதியது: "மழைச் சத்தத்தில் பிரசங்கம் கேட்காதபோது போதகர் நிறுத்திவிட்டு எல்லோரையும் பாடச் சொன்னார். மழை ஓயும்வரை பாடினோம். கோபமில்லாமல் காத்திருப்பதை அவரிடம் பார்த்தேன்." இரண்டாவதில் நீங்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறீர்கள். ஆவிக்குரிய வளர்ச்சி என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது கண்ணில் படுவது இப்படிப்பட்ட வரிகளில்தான்.

கடைசியாக ஒரு வரி: நாளை ஒரே ஒரு காரியத்தில் எப்படி மாறி நடப்பேன். ஒன்று போதும். இயேசு சபைத் துறவிகளின் சங்கத்தை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ம் நூற்றாண்டில் வகுத்த ஆன்மச் சோதனையும் (அன்றைய நாளைத் தானே ஆராய்ந்து பார்க்கும் ஜெபம்) நன்றியில் தொடங்கி நாளைய தீர்மானத்தில் முடிகிறது. நான் முறையீட்டை முன்னால் வைத்ததற்குக் காரணம், களைத்துப்போன ஆளுக்கு அதுதான் முதலில் வாயில் வரும், வந்ததை விட்டுவிடுவது நல்லது.

6. நன்றியை அன்றே, ஆளிடமே சொல்லுங்கள்

லூக்கா 17-ல் இயேசுவிடம் வந்த பத்துக் குஷ்டரோகிகளும் சுகமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேருக்கு நன்றி இல்லாமல் இருந்திருக்காது, திரும்பி நடக்கத்தான் நேரமில்லை. இரவு எழுதின பெயரை மறுநாள் மத்தியானத்துக்குள் தேடிப் போய்ச் சொல்லுங்கள்.

முதலில் மொழிபெயர்ப்பவரிடம் சொல்லுங்கள். நாள் முழுக்க இரண்டு மொழிகளில் யோசிக்கிற ஒரே ஆள் அவர்தான், சாப்பாட்டு நேரத்திலும் நமக்காகப் பேசிக்கொண்டே இருப்பார், ஆறிப்போன தட்டை யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் ஓட்டுநர், சமையல் செய்கிறவர். மேடையில் மாலை வாங்குகிறவருக்கு நம் நன்றி எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும்.

நன்றி என்ற பெயரில் தனி ஆளின் கையில் பணம் திணிக்க வேண்டாம். நீங்கள் போன பிறகு, யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற பேச்சு அந்தச் சபைக்குள் வரும். ஏதாவது கொடுக்க விரும்பினால் உள்ளூர்ப் போதகரிடமும் மூப்பர்களிடமும் சேர்த்துக் கேளுங்கள். "அடுத்த வருஷம் நிச்சயம் வருவேன்" என்றும் சொல்லாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளிடம். அவர்கள் அதை நம்பி நாள் எண்ணுவார்கள்.

7. நடுவில் வரும் வறட்சி

பாதி நாட்கள் கழிந்ததும் ஒரு சரிவு வரும். புதுமை போயிருக்கும், வயிறு கெட்டிருக்கும், ஏற்பாடு செய்த கூட்டம் காரணம் சொல்லாமல் ரத்தாகியிருக்கும், குழுவில் இருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஜெபம் கூரைக்கு மேலே போகாது.

அந்த நாளில் கூடுதல் ஜெபக்கூட்டம் போடுவது தலைவர்களின் வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1 இராஜாக்கள் 19-ல் சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவிடம் தூதன் முதலில் எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். நீ இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி வர நாற்பது நாள் பிடித்தது.

ஆகவே அரை நாள் ஓய்வு கொடுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், தூங்கவிடுங்கள். தூங்கி எழுந்த பிறகும் கசப்பு அப்படியே இருந்தால் இணையோடு உட்கார்ந்து, யார் மேல் கோபம் என்று பெயர் சொல்லிப் பேசி, அன்றே அந்த ஆளிடம் போய்விடுங்கள். நன்றியைப் போலவே மன்னிப்பையும் தள்ளிப்போடக் கூடாது.

8. படம், பதிவு

சுருக்கமாக: பிள்ளைகள், நோயாளிகள், கண்ணீரோடு ஜெபிக்கிறவர்கள் ஆகியோரின் படம் வேண்டாம். மற்றவர்களைக் கேட்டு எடுங்கள். கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடி உள்ள இடமென்றால் முகமும் ஊர்ப்பெயரும் எங்கேயும் வரக்கூடாது. பதிவு போடுவதை ஊர் திரும்பும்வரை நிறுத்திவைத்தால் இன்னொரு லாபமும் உண்டு, நடந்துகொண்டிருக்கும்போதே "இதை எப்படி எழுதுவது" என்று மனம் வாக்கியம் கட்டாது.

9. கடைசி நாள்

கடைசி நாளில் வேலை வைக்காதீர்கள். காலையில் இணையிடமிருந்து அந்த மடித்த தாளை வாங்கி வாசியுங்கள். நீங்கள் கொடுக்க நினைத்ததில் எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை, எதிர்பாராமல் கிடைத்தது எது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சிரிப்பு வரும், சில இடத்தில் வெட்கமும்.

பிறகு குழுத்தலைவர் உள்ளூர்ப் பொறுப்பாளர்களிடம் தனியாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: நாங்கள் செய்ததில் எது உங்களுக்குப் பாரமாக இருந்தது? விருந்தாளியிடம் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள், "எல்லாம் நன்றாக இருந்தது" என்பார்கள். அடுத்த குழுவுக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று மாற்றிக் கேட்டால் பதில் வரும். வந்த பதிலுக்கு விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

10. திரும்பிய பின்

முதல் வாரம் வீட்டார்மேல் எரிச்சல் வரும். ஏன் இவ்வளவு சாமான், ஏன் இவ்வளவு வீண் செலவு என்று பிரசங்கம் பண்ணத் தோன்றும். வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் பக்கப் பட்டியலில் இருக்கிறவர்கள்தான் இவர்கள், உங்களை அனுப்பிவிட்டு வேலை செய்தவர்கள். முதலில் அவர்களுடைய நாட்கள் எப்படிப் போயின என்று கேளுங்கள், உங்கள் கதை காத்திருக்கட்டும்.

சபையில் சாட்சிக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 14-ன் கடைசியில் பவுலும் பர்னபாவும் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக் கொண்டு செய்தவைகளை அறிவித்தார்கள். அந்த ஒழுங்கு நமக்கும் சரி. நோட்டில் இருந்து இரண்டு ஆட்களை எடுத்து, அவர்களிடம் கற்றதைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு சோதனை: அந்த இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்து, மொழியும் புரிந்து கேட்டுக்கொண்டிருந்தால் இதே வார்த்தைகளைச் சொல்வீர்களா? தயங்கினால் திருத்துங்கள்.

வந்த பதினைந்து நாளுக்குள் பணம் கொடுத்தவர்களுக்கு வரவு செலவுக் கணக்கு போக வேண்டும், மீதி இருந்தால் அதையும் சொல்லி. அதே பதினைந்து நாளுக்குள் உங்களை ஏற்றுக்கொண்ட வீட்டுக்கு ஒரு கடிதம், அவர்கள் மொழியில், மொழிபெயர்ப்பவருக்கு மறுபடியும் தொல்லை கொடுத்தாவது.

மூன்று மாதம் கழித்து இணையை ஒருமுறை சந்தியுங்கள், நோட்டோடு. "நாளை ஒரு காரியத்தில் மாறி நடப்பேன்" என்று இரவுகளில் எழுதிய வரிகளை மட்டும் சத்தமாக வாசித்து, எது இன்னும் நடக்கிறது என்று குறியிடுங்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர் யாராவது அந்தக் குறிகளைப் பார்த்துச் சரிபார்த்தால் இன்னும் நல்லது, அவர் சில குறிகளை அழிக்கச் சொல்வார்.